பூட்டாத அறைக்கு ஒரு பொன்னாடை

தீர்ப்புச் சொல்லத் தெம்பிருக்கிறவர்கள் மட்டும் உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு விடை கிடையாது.

ஒரு நடுநிலைப் பள்ளியில் செவ்வந்தி என்று இரண்டாம் வகுப்புச் சிறுமி. அங்கே மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டைத்தான் அடிப்பார்கள். அந்த ஓசை கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் பதறும். அலறுவாள், கையில் கிடைத்ததை எறிவாள். உடனே விளையாட்டு ஆசிரியர் துரைப்பாண்டி அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப்போய், பந்து வைக்கும் அறையில் விட்டுப் பூட்டுவார். இதற்குப் பெயர் ஒழுங்கு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் அவள் அம்மா ராக்காயி வந்து நின்றாள். "இன்னொரு வாட்டி எம்புள்ளய அடைச்சீங்கன்னா இந்தப் பக்கமே அனுப்ப மாட்டேன் டீச்சர். படிப்பு போனாப் போவுது."

தலைமையாசிரியைக்குச் சுருக்கென்றது. இனி இந்த ஆண்டு முடியும்வரை அந்தப் பூட்டு பூட்டப்படாமல் இருக்க யார் காரணமோ, அவருக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை என்று அறிவித்தார். பொன்னாடை என்றால் நம் ஆட்களுக்கு வேகம் வராதா?

கைவேலை ஆசிரியை சண்முகவடிவு அந்த அறைக்கு வண்ணம் அடித்து, பாய் விரித்து, பொம்மைகள் வைத்தார். பூட்டு மட்டும் கதவிலேயே தொங்கியது. வகுப்பாசிரியை எஸ்தர் தினமும் முன்கூட்டியே செவ்வந்தியிடம், "இப்ப மணி அடிக்கப் போறாங்க, காதைப் பொத்திக்கோ" என்றார். அவ்வளவுதான், அலறல் நின்றது.

நாத்தனார் வளைகாப்புக்காக எஸ்தர் விடுப்பு எடுத்த அன்று, செவ்வந்தியிடம் யாரும் சொல்லாமலே மணி அடித்துவிட்டது. சிலேட்டு பறந்தது. துரைப்பாண்டி ஓடிவந்தார். பழக்கதோஷத்தில் கை நீண்டது. நீண்ட கையை மடக்கிக்கொண்டார். மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். ஒரு டப்பா வந்து அவர் நெற்றியைப் பதம் பார்த்தது. அவர் அசையவில்லை. அழுது ஓய்ந்த பிள்ளை தானாகவே தண்ணீர் கேட்டது.

ஆண்டு விழா வந்தது. மூவரும் முன்வரிசையில் இருந்தார்கள். பொன்னாடையோ ஒன்று. யாருக்குப் போர்த்துவது நியாயம்?

துரைப்பாண்டிக்குத்தான். எஸ்தரைக் கையெடுத்துக் கும்பிடலாம், ஆனால் அவர் இருந்த நாளெல்லாம் பூட்டுக்கு வேலையே வரவில்லை. சண்முகவடிவு அறையை மாற்றினார், பூட்டைத் தொடவில்லை. பூட்டுக்கு வேலை வந்த ஒரே நாளில் பூட்டாமல் இருந்தவர் இவர். ராக்காயியையே மேடைக்கு அழைத்துப் போர்த்தச் சொன்னார்கள். "அடுத்த வருசமும் புள்ள இங்கதான் சார் வரும்" என்றாள். மனுஷர் மேடையிலேயே தேம்பிவிட்டார். சொல்கிற எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.