பிரேக்கில் இருந்த கை

“பிள்ளைய அனுப்பிட்டா, அந்த ஏக்கம் எப்பத் தீரும் வாத்தியாரே?”

தொம்மை கேட்டார். விசைப்படகு கரை மறையும் தூரத்துக்கு வந்திருந்தது. சுக்கானைப் பிடித்திருந்த கஸ்பார் திரும்பிப் பார்க்கவில்லை.

தொம்மைக்குத் தலை முழுக்க நரை. கஸ்பாருக்கு மீசையில்கூட ஒரு நரை கிடையாது. ஆனாலும் படகுக்குக் கஸ்பார்தான் டிரைவர். தொம்மை காலமெல்லாம் வள்ளத்தில் போய்த் தூண்டில் போட்டவர். இழுவலை அவருக்குப் புதிது. வேலை கற்றுக்கொள்ள ஏறிய நாள் முதல், பாதி கேலியும் பாதி நிசமுமாக, கஸ்பாரை வாத்தியார் என்றே கூப்பிட்டு வந்தார்.

வாய்த்த வாத்தியாரும் லேசுப்பட்டவர் இல்லை. கேட்டால் சொல்ல மாட்டார். சொன்னால் கேட்டதற்குச் சொல்ல மாட்டார்.

“மஸ்கட்ல நர்சு வேலை,” என்றார் தொம்மை. “வருவாளா மாட்டாளான்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம்.”

“ரெக்ஸ்லின் என்ன சொல்லுதா?”

“அப்பா வேண்டாம்னா போகலைங்கா.”

“நீங்க?”

“நான் இன்னும் வாயத் தொறக்கல. அவளுக்குப் போணும்னுதான் இருக்கு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

தொம்மைக்குப் பிள்ளை என்று அவள் ஒருத்திதான். தாய் போன பிறகு அவளுக்குச் சோறு ஊட்டியது, தலை பின்னியது எல்லாம் அவர்தான். முதலில் பின்னிய சடையைப் பார்த்துப் பள்ளிக்கூடமே சிரித்தது. அவள் மட்டும் அதை அவிழ்க்காமல் வீடு வரை வந்தாள். அவள் இல்லாத அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று தொம்மைக்குத் தெரியவில்லை.

“அவ போனா இந்த மனசு அவளத் தேடும்லா. அது எப்ப அடங்கும், அதச் சொல்லுங்க.”

கஸ்பார் வேகத்தைக் குறைத்தார்.

“வலை விடணும். வின்ச்சுக்குப் போங்க மாமா.”

*

முதலில் மீன் சேரும் பையான அடிமடி பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கியது. அதன் பின்னால் வலை, மிதவை, சங்கிலி. கடைசியில், வலையின் வாயை விரித்துப் பிடிக்க, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கனத்த பலகைகள்.

கஸ்பார் வேகம் கூட்டினார். வின்ச் எந்திரத்தின் இரண்டு உருளைகளிலிருந்தும், பலகைகளோடு பூட்டிய இரும்புக் கயிறு ஓடியது. ஒரு பக்கப் பிரேக்கில் படகில் வேலை செய்யும் இளைஞன் லிகோரி, மறு பக்கத்தில் தொம்மை.

கயிறு போனது. போய்க்கொண்டே இருந்தது.

தொம்மை பார்த்தார். வலையைக் காணோம். பலகையைக் காணோம். கயிறு மட்டும் தண்ணீருக்குள் போகிறது. அவர் கை தன்னால் பிரேக்கை இறுக்கியது.

“விடுங்க மாமா,” என்றான் லிகோரி. “என் பக்கம் இன்னும் போகுது.”

தொம்மை விடவில்லை.

கஸ்பாருக்குச் சுக்கானிலேயே தெரிந்திருக்கும். படகு ஒரு பக்கமாக இழுத்தது. ஆனாலும் அவர் அப்படியே ஓட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து, “தூக்குங்க,” என்றார்.

ஒரு பலகை முந்தி வந்தது, ஒன்று பிந்தி வந்தது. வலை முறுக்கிக்கொண்டு வந்தது. மடியை அவிழ்த்தால் கொஞ்சம் சேறும் இரண்டு நண்டும் விழுந்தன.

“டீசல் என்ன சும்மாவா வருது?” என்று லிகோரி முணுமுணுத்தான்.

கஸ்பார் வந்து நண்டுகளைப் பார்த்தார். பிறகு தொம்மையைப் பார்த்தார்.

“ஏன் பிடிச்சீய?”

“ரொம்ப தூரம் போயிட்டு,” என்றார் தொம்மை. “தூண்டில்னா கைக்கு அடங்கி நிக்கும். இது எங்க போகுதுன்னே தெரியல. பயந்துட்டேன்.”

“பக்கத்துல வச்சிருந்தீயள்ல. பலகை விரிஞ்சுதா?”

“இல்ல.”

“வலை வாயத் தொறந்துதா?”

தொம்மை முறுக்கிக் கிடந்த வலையைப் பார்த்தார். கஸ்பார் நண்டுகளைக் காலால் கடலுக்குள் தள்ளிவிட்டார்.

“திரும்ப விடுங்க.”

*

மறுபடி மடி இறங்கியது. வலை இறங்கியது. பலகைகள் இறங்கின.

கயிறு ஓடியது. தொம்மையின் கை பிரேக்கிலேயே இருந்தது, ஆனால் இறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியதை உப்புக்காற்றின் தலையில் போட்டார். லிகோரி கண்டும் காணாதவன்போல் தன் உருளையைப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு கயிறும் சரிசமமாகப் போய் நின்றன. படகுக்குப் பின்னால் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போய்க் கடலுக்குள் மறைந்தன.

“பூட்டுங்க,” என்று கஸ்பாரின் குரல் வந்தது.

இருவரும் பிரேக்கைப் பூட்டினார்கள். லிகோரி சுக்கானுக்குப் போனான். கஸ்பார் பின்பக்கம் வந்து தொம்மையின் கையைப் பிடித்துக் கயிற்றின் மேல் வைத்தார்.

“வலை தெரியுதா மாமா?”

“தெரியல.”

“கயிறு?”

கயிறு விறைத்து நின்றது. உள்ளங்கையில் அதிர்ந்தது. எங்கேயோ, கண்ணுக்கு எட்டாத தரையில், ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது.

“இழுக்குது,” என்றார் தொம்மை.

“ம்.”

“இந்த இழுப்பு எப்ப நிக்கும்?”

“நிக்கக் கூடாது மாமா. நின்னா, அந்தப் பக்கம் வலை இல்லைன்னு அர்த்தம்.”

தொம்மை வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு மறு கையால் செல்போனைத் துழாவி எடுத்தார். சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டியது. அது போதுமாக இருந்தது.

“அப்பா? கடல்ல இருந்தா பேசுதீய? என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல மக்கா,” என்றார் தொம்மை. “எனக்கு உன்னத் தேடும். தேடிக்கிட்டேதான் இருக்கும். நீ போயிட்டு வா.”