தொம்மையின் கல்யாணமும் நாலாகப் பிரித்த ஞானோபதேசமும்

மிக்கேல்குறிச்சிக் கத்தோலிக்கப் பங்கில் அறிவாளிகள் பலர் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மீதி நாலு பேர் வியாகப்பன், சிலுவைக்கடாட்சம், இன்னாசி, தொம்மை.

பங்குதோறும் விசுவாசத்தை வளர்க்க ஒரு குழு வேண்டும் என்று ஆயர் இல்லத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கோயில் கூட்டத்தில் பங்குச் சாமியார் ஞானாதிக்கம் அதை வாசித்து, "விருப்பமுள்ளவங்க கையைத் தூக்குங்க" என்றார். அந்த நேரம் பார்த்து இவர்கள் நால்வரும், மின்விசிறிக் காற்று எவ்வளவு உயரத்தில் வருகிறது என்று பார்க்கக் கையைத் தூக்கியிருந்தார்கள். குழு அமைந்துவிட்டது.

நால்வரில் தொம்மைக்கு மட்டும் கல்யாணம் ஆகவில்லை. முப்பத்தெட்டு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பக்கத்து ஊர் மதலேன், தையற்காரி. அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துல கல்யாணம் வைக்க மாட்டாங்க, அதுக்குள்ள தாலி ஏறணும். இல்லன்னா நான் திருப்பூருக்கு வண்டி ஏறிருவேன்."

தாலிக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்க வேண்டும். ஓலைக்கு முன் மாப்பிள்ளை ஞானோபதேசப் புத்தகத்தின் வேதக் கேள்வி நாற்பதுக்கும் சாமியார் முன்னால் பதில் ஒப்பிக்க வேண்டும். தொம்மையின் தலையில் பத்துக்கு மேல் இடமில்லை. பதினொன்றாவது உள்ளே வந்தால் முதலாவது வெளியே போய்விடும்.

சாமியார் குழுவைக் கூப்பிட்டார். "விசுவாசம் தனியாளு சுமையில்ல. குழுன்னு எதுக்கு இருக்கீங்க? பகிர்ந்து சுமங்க."

குழு கூடியது.

"நாப்பது மூட்டையை நாலு பேர் எப்படிச் சுமப்பாங்க?" என்று வியாகப்பன் ஆரம்பித்தான்.

"ஆளுக்குப் பத்து" என்றான் சிலுவைக்கடாட்சம்.

"ஒரே மூட்டையை நாலு பேரும் சேந்து சுமந்தா?" என்றான் தொம்மை.

"அதுக்குப் பேரு பாடை வே" என்றான் இன்னாசி.

ஆகவே ஆளுக்குப் பத்து என்று புத்தகத்தைக் கிழித்தார்கள். முதல் பத்து தொம்மைக்கு, கடைசிப் பத்து இன்னாசிக்கு. அடுத்தவர் பங்கைப் படிப்பது திருட்டு, ஏழாம் கட்டளைக்கு விரோதம் என்று சிலுவைக்கடாட்சம் எச்சரித்தான். கட்டளைகள் அவன் பங்கில் இருந்ததால் மற்றவர்கள் நம்ப வேண்டியிருந்தது.

ஒப்பிக்கும் நாள் வந்தது. சாமியார் முதல் கேள்வி கேட்டார்; தொம்மை கணீரென்று சொன்னான். பன்னிரண்டாவதைக் கேட்டார். தொம்மை வாயை மூடிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியிலிருந்து வியாகப்பன் குரல் வந்தது. சாமியார் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"தொம்மை, நீரே சொல்லணும். திருமுழுக்கு முதலான அருளடையாளங்கள் எத்தனை?"

"அது இன்னாசிகிட்ட இருக்கு சாமி."

"இன்னாசி எங்க?"

"கருப்பட்டி வாங்க உடன்குடி போயிருக்கான். அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்துருவான். அது வரைக்கும் நம்ம பங்குல அருளடையாளம் இல்ல சாமி."

"ஓய், நீர் செத்து ஆண்டவர் முன்னால நிக்கும்போது இதையே கேட்டா என்ன செய்வீர்?"

"இன்னாசியைக் கூட்டிட்டுப் போவேன்."

சாமியார் நாள்காட்டியைப் பார்த்தார். திருவருகைக் காலத்துக்கு நாலே ஞாயிறுகள் இருந்தன. பெருமூச்சு விட்டுக் கேட்டார்: "சரி, இதையாவது சொல்லும். மதலேனை எதுக்குக் கட்டணும்னு நினைக்கீர்?"

தொம்மை விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "இது நாப்பதுல இல்ல. யார் பங்கும் இல்லாததுனால நானே சொல்லுதேன். அவ சிரிச்சா எனக்குப் பசிக்கது மறந்துபோகுது சாமி."

சாமியார் ஓலை வாசிக்கச் சம்மதித்தார்.

ஐந்து மணி பஸ்ஸில் வந்திறங்கிய இன்னாசி விஷயத்தைக் கேட்டுப் பதறினான். "நான் எதுக்குவே உம்மகூட சாகணும்?"

"கடைசிப் பத்தும் உம்மகிட்டல்லா இருக்கு."

இன்னாசி கருப்பட்டியைக் கீழே வைத்துவிட்டு வழி சொன்னான். "அப்ப ஒண்ணு செய்யும். நீரு முன்னால போய், ஒண்ணாவது கேள்வியில இருந்து வரிசையாக் கேக்கச் சொல்லும். முப்பது முடியுறதுக்குள்ள நான் வந்துருதேன்."

இது நியாயமாகப் பட்டது. தொம்மை கட்டியணைத்து நன்றி சொன்னான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் சாமியார் தொம்மையைக் கூப்பிட்டு, "நாளைக்குப் பீடத்துக்கு முன்னால நாலு கேள்வி கேப்பேன். பதில் சத்தமா வரணும்" என்றார்.

நாலு கேள்வி, நாலு பேர். குழுவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. யூதாசின் இடத்துக்குத் திருத்தூதர்கள் ஆள் எடுத்ததே சீட்டுப் போட்டுத்தான் என்று வியாகப்பன் நினைவூட்ட, எந்தக் கேள்வி யாருக்கு என்று சீட்டுப் போட்டார்கள்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் மதலேன் தன் பதிலைத் தெளிவாகச் சொன்னாள். பிறகு சாமியார் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"யாரும் வற்புறுத்தாமல், முழு மனதோடு வந்திருக்கிறீரா?"

"வந்திருக்கிறேன்!" என்றான் மூன்றாம் பெஞ்சிலிருந்து வியாகப்பன்.

சாமியார் தொம்மையை முறைத்தார். "சரியாத்தான் சொல்லுதான் சாமி" என்றான் தொம்மை.

"வாழ்நாளெல்லாம் இவளை மதித்து நடப்பீரா?"

"நடப்பேன்!" என்று சிலுவைக்கடாட்சம் முழங்கினான். பெண்கள் பக்கத்திலிருந்து அவன் மனைவி பதினாறு வருடத்தில் முதல்முறையாக அவனை ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

"இறைவன் தரும் பிள்ளைகளை ஏற்றுக்கொள்வீரா?"

"ஏற்றுக்கொள்வேன்!" தொம்மை போட்ட சத்தத்தில் மணிக்கூண்டுப் புறாக்கள் பறந்தன. சாமியாருக்கு உயிர் வந்தது. நம்பிக்கையோடு நாலாவதைக் கேட்டார்.

"மதலேனை உம் மனைவியாக ஏற்றுக்கொள்கிறீரா?"

தொம்மை வாசலைப் பார்த்தான்.

"சொல்லும் ஓய்!"

"அது இன்னாசிகிட்ட இருக்கு சாமி. பிரியாணி வெந்துட்டான்னு பாக்கப் போயிருக்கான்."

மதலேன் முக்காட்டை விலக்கினாள். "என்னையக் கட்டப்போறது நீரா, அவரா? பத்து எண்ணுவேன். பதில் வரலன்னா இப்பவே திருப்பூர்தான்."

அவள் எட்டை எண்ணும்போது, கையில் அகப்பையோடு இன்னாசி ஓடிவந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் சாமியார் கையை நீட்டித் தடுத்தார். "தொம்மைதான் சொல்லணும்!"

தொம்மை கண் கலங்க நண்பனைப் பார்த்தான். "இன்னாசி, உம்ம பதிலை நான் சொல்லிக்கிடட்டா?"

"ஒம்பது" என்றாள் மதலேன்.

இன்னாசி அகப்பையைத் தாடையில் வைத்து யோசித்தான். "சரி வே. ஒரு தடவைதான். முடிஞ்சதும் திருப்பித் தந்துரணும்."

"மதலேன், உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்!" என்றான் தொம்மை. தாலி ஏறியது. மேளம் முழங்கியது. சாமியார் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

தொம்மை நாணயஸ்தன். கோயில் படியிறங்கியதும், மாலையும் கழுத்துமாக, ஊர் மொத்தமும் பார்க்க, நேரே இன்னாசியின் எதிரில் போய் நின்றான். அவன் கையைப் பிடித்துக் கண்ணோடு கண் பார்த்து, ஒரு சொல் குறையாமல் திருப்பிக் கொடுத்தான்:

"உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்!"

இன்னாசி மனதுக்குள் ஒருமுறை சொல்லிச் சரிபார்த்தான். "சரியா இருக்கு வே."

மதலேன் சாமியார் பக்கம் திரும்பினாள்.

"சாமி, கல்யாணப் பதிவேட்டுல பொண்ணு பேரு யாருதுன்னு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."