ஓட்ஸ் அடையின் ஓரம்

"கண்ணை மூடினா அடுப்படிதான் தெரியுது, அம்மா" என்றார் குத்தாலிங்கம்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மூச்சைக் கவனிக்கச் சொன்னீங்க. கவனிக்கேன். கொஞ்ச நேரத்துல ஏலக்கா வாசம் அடிக்கு. பொறவு எங்க வீட்டு அடுப்படி. பொறவு அவ."

மலைச்சரிவில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் அம்மா என்றால் சௌந்தரி அம்மா. நாற்பதைத் தாண்டியவர், அவ்வளவுதான். குத்தாலிங்கத்துக்கு அவருடைய அப்பா வயது இருக்கும். மனைவி உலகம்மாள் போன பிறகு, தென்காசி வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரே ஒரு பையோடு இங்கே வந்து சேர்ந்திருந்தார். ஆள்தான் வந்தார். மனசு தென்காசியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அடுப்படியில அவங்க என்ன செய்றாங்க?" என்றார் அம்மா.

"ஓரத்தைச் சுரண்டித் திங்கா."

அம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

குத்தாலிங்கத்துக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, பால், நெய், முட்டை எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வெளியூரில் இருந்த மகள் வடிவு போனில் ஒரு பலகாரம் சொல்லிக் கொடுத்தாள். அதற்கு அவள் சொன்ன பெயர் உலகம்மாள் வாயில் நுழையவில்லை. ஓட்ஸ் அடை என்று தானே ஒரு பெயர் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் காலைச் சாப்பாடு அதுதான்.

கனிந்த வாழைப்பழத்தைப் பிசைவாள். ஓட்ஸைத் தேங்காய்ப்பாலில் ஊறப் போடுவாள். கருப்பட்டிப் பாகு, ஏலக்காய், அப்புறம் அந்தந்தப் பருவத்துப் பழம். மாம்பழக் காலத்தில் மாம்பழம். சாரல் காலத்தில் பலாச்சுளை. எல்லாவற்றையும் தட்டில் ஊற்றி, மணல் பரப்பிச் சூடேற்றிய இட்லிக் கொப்பரைக்குள் இறக்கி மூடிவிடுவாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்கும். குத்தாலிங்கம் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பார். வாசனை அடுப்படியைத் தாண்டி அவரிடம் வந்து சேரும்போது, பேப்பரில் எந்தப் பக்கத்தில் இருந்தார் என்பதே மறந்துபோகும். அந்த மாதிரிக் காலை இனி வராது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

"வெந்ததும் நடுவை அழகா வெட்டி எனக்கு வைப்பா" என்றார். "ஓரமெல்லாம் கருத்துப்போயி தட்டோட ஒட்டிக் கெடக்கும். அதை நின்னமேனிக்கே கரண்டியால சுரண்டித் தின்னுட்டு, சாப்பாட்டை முடிச்சிருவா. நல்ல துண்டு ஒண்ணைத் தட்டுல வச்சு உக்காந்து தின்னதே கெடையாது. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவ போனபொறவுதான் அது உறைக்கு."



"அதனாலதான் காந்தல் சாப்பிடுறீங்களா?" என்றார் அம்மா.

குத்தாலிங்கம் திடுக்கிட்டார். பந்தியில் கடைசி ஆளாக வந்து, சோற்றுப் பானையின் அடியில் பிடித்துக் கருகியதை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது அவர் வழக்கம். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். பானை கழுவுகிறவர்களோ, இவர் வந்த நாளிலிருந்து வேலை பாதியாகிவிட்டது என்று சந்தோஷமாக இருந்தார்கள்.

"அவ தின்னதை நானும் திங்கணும்லா."

"தின்னதுல மனசு ஆறுதா?"

"வயிறுதான் வலிக்கு."

அம்மா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"காவி குடுங்கம்மா" என்றார் குத்தாலிங்கம். "வீட்டை வித்துருதேன். அடுப்படி, பாத்திரம் பண்டம் எல்லாம் யார் கைக்காவது போகட்டும். ஒண்ணும் வேண்டாம் எனக்கு. அவ முகத்தை ஏறிட்டுப் பாக்க முடியல."

"தர்றேன்."

குத்தாலிங்கம் கும்பிட்டார்.

"நாளைக்குக் காலையில எல்லாருக்கும் அந்த அடையைச் செஞ்சு போடுங்க. அப்புறம் தர்றேன்."

"எனக்குத் திங்கத்தான் தெரியும், செய்யத் தெரியாதே."

அம்மா கீரையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

காலையில் ஆசிரமத்து அடுப்படியில் குத்தாலிங்கம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பளபளவென்று மஞ்சளாக இருந்த பழமாகப் பொறுக்கிச் சீப்பு சீப்பாகக் கொண்டுவந்தார். பிசைந்தால் மசியவில்லை. மூலையில் தோல் கறுத்துத் தொங்கிய தாரை அம்மா கண்ணால் காட்டினார். அது விரல் பட்டதும் குழைந்தது. உலகம்மாள் பழத்தை வாங்கி வந்து ஏன் தொடாமல் தொங்கவிட்டிருப்பாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. எறும்பு மொய்க்குது, எடுத்துத் தின்னாம என்ன செய்யுத என்று அவளைச் சத்தம் போட்டிருக்கிறார்.

தேங்காயைத் துருவும்போது விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டார். கருப்பட்டிப் பாகை வடிகட்ட மறந்து, பிறகு ஞாபகம் வந்து வடிகட்டினார். மரத்திலிருந்து அன்றைக்குத்தான் இறக்கிய பலாவின் சுளைகளை நறுக்கிப் போட்டார். பெரிய இரும்பு அண்டாவில் மணலைப் பரப்பி, தட்டை உள்ளே இறக்கி, மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டார்.

அப்புறம் பக்கத்திலேயே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் ஏலக்காய் வந்தது. பின்னாலேயே பழம். அதற்கும் பின்னால் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து காய்கிற அந்த வாசனை.

கண்ணை மூடாமலே அவருக்கு அடுப்படி தெரிந்தது. கொப்பரைப் பக்கத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள். நெற்றியில் வேர்வை. பேப்பர்ல என்ன போட்டிருக்கான் என்று கேட்கிறாள். ஒருநாள்கூட அவர் ஒழுங்காகப் படித்துச் சொன்னதில்லை. குத்தாலிங்கம் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

"வெந்துருச்சு" என்றார் அம்மா, பின்னாலிருந்து.

மூடியைத் தள்ளித் தட்டை எடுக்கப் போனால் பிடிதுணி இல்லை. அம்மா கக்கத்தில் இடுக்கியிருந்த துணியை நீட்டினார். புதுசு. மடிப்புக் கலையாத காவி.

"அம்மா, இது காவில்லா?"

"ஆமா. சுடும். இதால பிடிங்க."

பிடித்தார். தூக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், காவியின் நடுவில் கை அகலத்துக்குக் கரி. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். குத்தாலிங்கம் கத்தியை எடுத்து, நடுவை அளந்து அளந்து வெட்டிப் பரிமாறினார். துண்டுகள் மெத்தென்று ஆவி பறக்க இலையில் விழுந்தன. நன்றாயிருக்கிறது என்றார்கள். ஒருவர் இரண்டாவது துண்டு கேட்டார். இன்னொருவர், இதில் பால் இல்லை என்றால் நம்பமாட்டேன் என்றார். குத்தாலிங்கத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நடு முழுக்கத் தீர்ந்தது. தட்டைச் சுற்றி ஓரம் மட்டும் கருத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு?" என்றார் அம்மா.

"எனக்கு இதுதாம்மா."

கஷாயம் குடிக்கப் போகிற முகத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். உட்காரவில்லை. அவள் நின்றபடியேதான் சாப்பிட்டாள். கரண்டியால் சுரண்டினார். மனசுக்குள் உலகம்மாளை ஒருமுறை கும்பிட்டுக்கொண்டு வாயில் போட்டார்.

மென்றார்.

மெல்லுவதை நிறுத்தினார்.

கருப்பட்டி ஓரத்துக்கு ஓடிவந்து கொதித்துப் பாகாக இறுகியிருந்தது. பழமும் தேங்காய்ப்பாலும் அதில் வறுபட்டு, கடித்தால் மொறுமொறுவென்று உடைந்து, பிறகு பல்லில் மெதுவாக இழுபட்டது. கடைசியில் துளிக் கசப்பு. அந்தக் கசப்புக்காகவே இன்னொரு வாய் கேட்டது. இதற்கு முன்னால் அந்த நடுத்துண்டு வெறும் கஞ்சி.

இன்னொரு தரம் சுரண்டினார். பிறகு மூலையைப் பெயர்த்தார். மூலை இன்னும் நன்றாயிருந்தது.

"என்ன ஐயா?" என்றார் அம்மா.

 குத்தாலிங்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஞாபகத்துக்கு வந்தது. எப்போதோ ஒருநாள், அந்த ஓரத்தைக் கொஞ்சம் குடேன் என்று கேட்டிருக்கிறார். அவள், டாக்டர் கூடாதுன்னுட்டாரு என்று அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு, சட்டென்று முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். கண்ணை மூடி மெதுவாக மென்றாள். கரண்டியை இரண்டு பக்கமும் நக்கினாள். பாவம், அசதி என்று இவர் நினைத்தார்.

"திருட்டுக் கழுத" என்றார் குத்தாலிங்கம்.

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எது எதுவென்று அவருக்கே தெரியவில்லை. தாடி நனைந்தது. கை மட்டும் சுரண்டுவதை விடவில்லை.

அம்மா பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"எனக்கு ஒரு மூலை."

குத்தாலிங்கம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"தீஞ்சு கெடக்கும்மா. உங்களுக்கு ஆகாது."