ஆறு காதும் ஆறு குச்சியும்

கொக்கரணிப்பட்டியில் ஒச்சன், சடையன், விருமன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அதையும் ஒச்சன் மனைவி மாயக்காள்தான் வைத்திருந்தாள்.

எருமை வளர்ப்பு பற்றி வானொலியில் பேச அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ் ஏறும்போது சொன்னாள்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. வந்ததும் கேட்பேன். ஒருத்தராவது முழுசாக் கேட்டிருக்கணும். இல்லைன்னா இந்த வீட்டுல இனிமே உலை வைக்க மாட்டேன்."

வீட்டு ரேடியோவிலோ இரைச்சலைத் தவிர எதுவும் வராது. மூவரும் ஆன்டெனா வாங்கப் போனார்கள். கடைக்காரர் மூன்று குச்சி, ஆறு குச்சி, பத்து குச்சி வைத்தவற்றை எடுத்துக் காட்டினார்.

"கேட்கப்போறது மூணு பேரு, காது ஆறு. ஆறு குச்சி போதும்" என்றான் சடையன்.

"எனக்கு இடது காது மந்தமாச்சே" என்றான் விருமன்.

"அப்ப ஒரு குச்சியை மடக்கிக்கலாம்."

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "மடக்க வேணாம். நிலையம் இருக்கிற திசையைப் பார்த்து வைங்க. காத்துல திரும்பிடக் கூடாது. எதுக்கும் அசையாத ஒண்ணுல கயிறு போட்டு இழுத்துக் கட்டுங்க."

கூரைமேல் கம்பத்தை நட்டு, பஸ் போன திசையைப் பார்த்து ஆன்டெனாவை வைத்தார்கள். பிறகு ஆலோசனை.

"தென்னை?"

"ஆடும்."

"மதில்?"

"போன மழைக்கே படுத்துடுச்சு."

ஒச்சன் யோசித்தான். "மழை பெஞ்சாலும் அசையாதது நம்ம எருமைதான்."

கயிறு எருமையின் கழுத்துக்குப் போனது.

வெள்ளிக்கிழமை நாலு மணி. "வணக்கம், நான் மாயக்காள்..." என்று ரேடியோ தெளிவாகப் பேசியது. எஜமானி குரல் கேட்டதும் எருமை ஜன்னலை நோக்கி நடந்தது. கயிறு இழுத்தது, கம்பம் திரும்பியது, குரல் போனது. எருமை ஏமாந்து பின்வாங்கியது. குரல் வந்தது. எருமையும் வந்தது.

"உலை போச்சுடா!" என்று அலறிய ஒச்சன் எருமையை அவிழ்த்துவிட்டான். மூவரும் கூரையேறிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கம்பம் இம்மியும் அசையவில்லை. காற்றின் ஊளையில் அவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. எருமை மட்டும் ஜன்னலுக்குள் தலையை நீட்டி நின்றது.

மறுநாள் மாயக்காள் வந்தாள். "யாரு கேட்டீங்க?"

மூவரும் எருமையைக் காட்டினார்கள்.

"முழுசாக் கேட்டுச்சு மதினி" என்றான் விருமன். "ஒரே ஒரு இடத்துல மட்டும் 'இல்லை, இல்லை'ன்னு கழுத்தை ஆட்டுச்சு."

ஒச்சன் கவலையோடு மனைவியைப் பார்த்தான்.

"அந்த இடத்துல என்னம்மா தப்பாச் சொன்னே?"