மகுடம் சூடிய யானை

வெகுகாலத்துக்கு முன்னே, சயாம் தேசத்தில் ஒரு சிம்மாசனமும் அதற்கு இரண்டு வம்சங்களும் இருந்தன. ஒருமுறை மேல்நதி வம்சம் அதைப் பிடிக்கும்; மறுமுறை கீழ்நதி வம்சம் பிடிக்கும். தோற்ற அரசனுக்கு உயிர் மிஞ்சாது.

கீழ்நதி அரசன் தொங்சாய் மட்டும், மேல்நதியின் இளம் அரசன் இந்தராவைக் கொல்லவில்லை. மந்திரவாதியை வைத்து அவனை யானையாக்கி, தன் பட்டத்து யானையாகக் கட்டிவைத்தான். வேறு யாருக்கும் அந்த ரகசியம் தெரியாது.

தொங்சாயின் மகள் பிகுல் தினமும் அந்த யானைக்குக் கரும்பு கொடுப்பாள். மூன்றாம் வருஷம் மேல்நதிப் படை ஆற்றைக் கடந்து வந்தது. அன்று யானை கரும்பைத் தொடவில்லை.

"இளவரசி, படையோடு வருகிறவன் என் தம்பி," என்று முதல்முறையாகப் பேசியது. "உன் அப்பாவைச் சுமந்துகொண்டு நான் அவனை எப்படி மிதிப்பேன்?" பிறகு தன் கதையைச் சொன்னது.

பிகுல் நேரே மந்திரவாதியிடம் போனாள்.

"மகுடத்தைப் பறித்தவரே அதை மனமுவந்து யானையின் தலையில் வைக்க வேண்டும். வேறு வழியில்லை, இளவரசி," என்றான் அவன்.

அரண்மனையில் அப்பாவிடம் கேட்டாள். "முடியாது," என்றான் தொங்சாய். யானை மேல் ஏறும்போது கேட்டாள். "முடியாது," என்றான்.

"அப்படியானால் நானும் வருகிறேன்," என்று அவளும் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

போர்க்களத்தில், இந்தராவின் தம்பி எறிந்த ஈட்டி தொங்சாயின் மார்பை நோக்கி வந்தது. யானை துதிக்கையைத் தூக்கி அதைத் தான் வாங்கிக்கொண்டது. ரத்தம் கொட்ட மண்டியிட்டது.

தொங்சாய் இறங்கி அதன் முன்னால் நின்றான். "உன்னை மிருகமாக்கினேன். என்னை ஏன் காப்பாற்றினாய்?"

"நீர் செத்தால், பழிவாங்க உம்முடைய மகள் என் தம்பியைத் தேடி வருவாள். பிறகு அவன் பிள்ளை இவளைத் தேடி வருவான்."

பிகுல் மூன்றாம் முறை கேட்டாள். "அப்பா, கொடுத்துவிடுங்கள்."

தொங்சாய் மகளின் முகத்தைப் பார்த்தான். பிறகு மகுடத்தைக் கழற்றி யானையின் தலையில் வைத்தான்.

யானை மறைந்தது. கையில் ஈட்டிக் காயத்தோடு இந்தரா நின்றான். அவன் தம்பி வாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

இந்தரா யாரையும் தண்டிக்கவில்லை. கீழ்நதி ஊரைத் தொங்சாய்க்கே கொடுத்தான். பிகுலைத் தன் மந்திரியாக்கினான்.

அன்று சாயங்காலம் தொங்சாய் படகேறிப் போனான். அந்தத் தேசத்தில் பட்டம் இழந்த அரசன் ஒருவன் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டது அதுவே முதல் தடவை.