சீமை மருந்தின் வம்சாவளி

பூவனூர் ராஜா திருமலைவேலருக்கு ஒரு பித்து உண்டு. எதை எடுத்தாலும் வம்சம் கேட்பார். குதிரை வாங்கினால் அதன் தாத்தா யார் என்பார். கத்தரிக்காயைக்கூட விட்டதில்லையாம்.

இதைத் தெரிந்துகொண்டுதான் மார்ஷ் துரை சபைக்கு வந்தார். தமிழ் நன்றாகப் பேசும் வெள்ளைக்கார வியாபாரி. கையில் ஒரு புட்டி.

"மகாராஜா, வயிற்றுக்கோளாறுக்குச் சீமை மருந்து. பேர் ஜிஞ்சர். பிரெஞ்சு அரண்மனையிலிருந்து எங்கள் லண்டனுக்கு வந்த பேர். அதற்கும் முன்னால் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் லத்தீனில் இருந்த பேர்!"

ராஜா ஒரு மடக்குக் குடித்தார். சுர்ரென்றது. மருந்தும் பிடித்தது, வம்சமும் பிடித்தது.

"என்ன வேண்டும், கேளும்."

"மருந்துச்சாலை கட்ட இடம். அரண்மனை வைத்தியரின் மூலிகைத் தோட்டம் போதும்."

வைத்தியர் உலகுடையாருக்கு முகம் வெளுத்தது. அந்தத் தோட்டத்தை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

"உம்முடைய கஷாயத்துக்கு இப்படி ஒரு வம்சம் உண்டா, ஓய்?" என்றார் ராஜா.

பதிலுக்குக் காத்திராமல் ராஜா சாசனம் எழுத ஓலை கேட்டார்.

அப்போது விகடகவி கூத்தபிரான் எழுந்தார். "சம்பந்தம் பேசினால் பூர்வீகத்தைக் கடைசிவரை விசாரிப்போமே, மகாராஜா. பாதியில் விடலாமா?"

"விசாரியும்!"

"துரை, பெண்ணுக்கு லண்டனில் பேர் ஜிஞ்சர். பிரெஞ்சு வீட்டில்?"

"ஜிஞ்ஜிப்ர."

"லத்தீன் வீட்டில்?"

"ஸிங்கிபெர்."

"அங்கேதான் பிறந்தாளோ?"

துரை படித்த மனுஷர். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "இல்லை. அதற்கு முன் கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ். அங்கே கப்பலில் வந்தது."

"எந்தத் திசைக் கப்பல்?"

"கிழக்கு... இந்தப் பக்கத்துக் கப்பல்தான்."

"ஏறும்போது என்ன பேர் சொன்னாளாம்?"

துரை தாடியைச் சொறிந்தார். "இஞ்சிவேர் என்றுதான் எங்கள் பண்டிதர்கள்..." குரல் இறங்கிப்போனது.

"அடடா! அது என் பாத்தியில் கிடக்கிறதே!" என்று கத்திவிட்டார் வைத்தியர். சபை கொல்லென்று சிரித்தது.

"கேட்டீர்களா, மகாராஜா? நம்ம வீட்டுப் பெண். ஊர் ஊராய் வாழ்ந்து, போன இடமெல்லாம் ஒரு பேர் வாங்கிக்கொண்டு, பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். அழைத்து வந்த மாப்பிள்ளைக்கு இலை போட்டு விருந்து வைப்போம். அதற்காக வீட்டையே எழுதிக் கொடுப்பார்களா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓலையைத் தூக்கிப் போட்டார். தோட்டம் தப்பியது.

துரையும் லேசுப்பட்டவரா? "விருந்து மட்டும்தானா? மாப்பிள்ளைக்கு மோதிரம் கிடையாதா?" என்றார்.

ராஜா தம் மோதிரத்தைக் கழற்றினார். துரை விரலை நீட்டினார். ராஜாவோ அதைக் கூத்தபிரானின் விரலில் மாட்டினார்.

"முதலில் தரகருக்கு, மாப்பிள்ளை!"