பளபளத்த ஊசியும் பஞ்சு நூலும்

மூன்று நாளாகப் பனிமூட்டம் கலையாத காட்டில் வரியழகி என்ற அணில், நூல் பின்னும் கொக்கி வைத்த குரோஷா ஊசி தேடிப் புறப்பட்டது. அதன் மரப்பொந்து காற்றில் பிளந்துவிட்டது. கண் திறக்காத குட்டிகள் இரண்டு. பொழுது சாய்வதற்குள் வலைத்தொட்டில் பின்னியாக வேண்டும்.

மரங்கொத்தி தானே செதுக்கிய புளியமர ஊசியை நீட்டியது. "உன் நூலைக் கொண்டுவந்து இழுத்துப் பாரு. அப்புறம் எடுத்துக்கோ."

"ஐயே, கறுப்பா இருக்கே மாமா!"

அடுத்த புதரில் செம்போத்துப் பறவை உட்கார்ந்திருந்தது. அதன் சிவந்த கண்கள் இமைக்கவே இல்லை. முன்னால் கிளிஞ்சல் ஊசி ஒன்று வெள்ளையாகப் பளபளத்தது.

"வா தங்கச்சி! நானே தேய்ச்சுச் செஞ்சது. இந்தா, என் பட்டு நூல். பின்னிப் பாரு!"

பட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது.

"நீங்க குட்டிகளைத் தின்பீங்களாமே, அண்ணே?"

"நத்தைதான் தங்கச்சி. எனக்குப் பல்லு ஏது!"

"விலை?"

"வேண்டாம். தொட்டில் முடிஞ்சதும் வந்து பார்க்கிறேன். அது போதும்."

வரியழகி புங்க மரத்தின் நுனிக்கிளைக்குக் குட்டிகளைக் கொண்டுபோனது. செம்போத்தின் கனத்தை அந்தக் கிளை தாங்காது. தன் இலவம்பஞ்சு நூலை எடுத்து, கிளிஞ்சல் ஊசியால் பின்னத் தொடங்கியது. வரிசைக்கு இருபது பின்னல். எண்ணாமல் அது எதையும் செய்யாது.

முதல் பின்னல். கீழே பனிக்குள்ளிருந்து, "ஊப்."

இரண்டாவது. "ஊப்."

வரியழகி கையை நிறுத்தியது. சத்தமும் நின்றது. மறுபடி பின்னியது. "ஊப்."

"யாரது?"

அடுத்த பின்னலுக்கும் "ஊப்"தான் வந்தது.

இருபது வரிசை முடிந்து, தொட்டில் கிளையில் தொங்கியது. நானூறு பின்னல், நானூறு ஊப். ஒன்று கூடவில்லை, குறையவும் இல்லை.

"முடிஞ்சுதா தங்கச்சி?" என்றது செம்போத்தின் குரல், நேர் கீழே. "குட்டிகளைப் படுக்க வை. குளிருதுல்ல?"

குட்டியைத் தூக்கப்போன வரியழகிக்கு வால் சிலிர்த்தது. குட்டிகளின் எடைக்கு நான்கு புங்கங்காய்களைப் பறித்துத் தொட்டிலில் போட்டது.

தொட்டில் ஓசையில்லாமல் பிரிந்தது. காய்கள் பனிக்குள் மறைந்தன. அவை தரையில் விழும் சத்தம் கேட்கவில்லை. "கடக்!" என்று அலகு மூடும் சத்தம்தான் கேட்டது.

"த்தூ! கசப்பு!"

வரியழகி ஊசியின் கொக்கிக்குள் விரலை வைத்துப் பார்த்தது. உள்விளிம்பு கத்தியாக இருந்தது. பஞ்சு நூலை அது ஒவ்வொரு பின்னலிலும் பாதி அறுத்திருந்தது. மெல்லிய பட்டு மட்டும் அதில் சிக்காமல் நழுவியிருந்தது.

"மரங்கொத்தி மாமா! ஓடி வாங்க!"

மரங்கொத்தி புளியமர ஊசியோடு பறந்து வந்தது. வரியழகி அதைத் தன் பஞ்சு நூலில் இருபது தடவை இழுத்துப் பார்த்தது. ஓர் இழைகூடச் சிக்கவில்லை.

பொழுது சாயும்போது புதுத் தொட்டில் ஆடியது. உள்ளே குட்டிகள் தூங்கின. கீழே இரண்டு சிவப்புப் புள்ளிகள் வெகுநேரம் அசையாமல் இருந்து, பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன.

விற்பவர் தரும் நூலில் எந்த ஊசியும் நன்றாகவே ஓடும். நம் நூலில் இழுத்துப் பார்த்தபிறகே அதை நம்ப வேண்டும்.